கொடி போட்டவர் மகள்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் நீலாம்பாளை 'கொடி போட்டவன் மவ' என்றால்தான் தெரியும்.

1971 தை மாதம். கூலி உயர்வு கேட்டு நடந்த அறுவடை மறியலில் சங்கக் கொடியைப் பிடித்து நின்றவர் அவளுடைய அப்பா கண்ணுசாமி. போலீஸ் லாரியைக் கண்டு ஓடினார் என்று ஊர் சொல்வது தவறு. அன்று லாரியே வரவில்லை. மிராசுதார் சம்மதித்து, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் கொடியை வாய்க்காலில் போட்டுவிட்டு ஓடினார். "மூச்சு நின்னுபோச்சு" என்றார். யாரும் நம்பவில்லை. நீலாம்பாளும் நம்பவில்லை. அப்பாவுக்குச் சோறு போடுவாள். முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

அந்தப் பெயரைக் கழுவவே அவள் சங்கத்தில் முன்னால் நின்றாள். 1985 மார்கழியில் நடக்கவிருந்த சங்க ஊர்வலத்தில் கொடி பிடிக்க அவளையே சொன்னார்கள். அதற்கு முன், ஐப்பசி நடவில், கேலியும் சிரிப்புமாக இருந்தபோது திடீரென்று அவள் நெஞ்சு படபடத்தது. விரல்கள் மரத்தன. சாகப்போகிறோம் என்று பயந்து நாற்றுமுடியைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடினாள்.

"அப்பன் கொடியப் போட்டான், மவ நாத்தப் போட்டா!" என்று சிரித்தார் வரப்பில் நின்ற ஊர்க்காரர் பஞ்சநதம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இதயம் நல்லாருக்கு. இது காரணமில்லாம வர்ற பீதி. வீட்ல வேற யாருக்காவது வந்திருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "எங்கப்பாவுக்கு."

"ரத்த சொந்தத்துல வரும். எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு இல்ல. வந்தாலும் சரியாக்கலாம். கோழைத்தனம் இல்லம்மா இது, உடம்பு வாகு."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வெரலு மரத்துச்சாப்பா?"

கண்ணுசாமி நிமிர்ந்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. கொடியப் புடிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னே தெரியல. ஒனக்கு யாரு சொன்னா?"

"என் வெரலு."

மாத்திரையும் மூச்சுப் பயிற்சியுமாக இரண்டு மாதம் போனது. ஊர்வலத்தன்று கொடிக்கம்பில் அப்பாவின் கையையும் சேர்த்து வைத்தாள்.

"வாய்க்கா பக்கத்துலதான் இருக்கு, பாத்து!" என்றார் பஞ்சநதம்.

கண்ணுசாமி குரலைத் தாழ்த்தினார். "மறுபடி வந்துச்சுன்னா?"

"உக்காந்துக்கப்பா, நான் புடிச்சுக்கிறேன். எனக்கு வந்தா நீ புடி."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்தா?"

"பஞ்சநதம் மாமா புடிக்கட்டும்!"

கண்ணுசாமி வாய்விட்டுச் சிரித்தார். ஊர்வலம் நகர்ந்தது.