துண்டு சுற்றும் பாட்டு

எங்கள் கம்பெனியில் ஜப்பான் பாட்டு பாடத் தெரிந்தவர்கள் யாருமில்லை. ஆனால் ஒரு ஜப்பான் பாட்டுக்கு நடுவில் எங்கெங்கே கத்த வேண்டும் என்று கேட்டால் இன்றைக்கும் நூறு பேர் சொல்வார்கள். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனதற்குக் காரணம் நான்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் இன்ஸ்பெக்‌ஷனில் லைன் லீடர். பதினைந்து வருஷமாகக் கவரைப்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறேன். ஒரு பாகத்தில் மயிரிழை பிசிறு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

ஜப்பானிலிருந்து வந்திருந்த மேனேஜர் ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். காலையில் கேட்டருகே நின்று, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்வார். மதியம் கேன்டீனில் எங்களோடு உட்கார்ந்து சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிடுவார். அவர் வந்த வருஷம் ஆண்டு விழாவில் தானும் பாடப்போவதாகச் சொல்லி, ஆளுக்கொரு சின்ன நீலத் துண்டு கொடுத்தார். கவருக்குள் அழகாக மடித்து வைத்திருந்தது.

விழாவில் துண்டு கொடுத்தால் நாம் என்ன செய்வோம்? இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைப்போம். வைத்துவிட்டோம்.

பாட்டு தொடங்கியது. இசை மட்டும் ஸ்பீக்கரில் வர, திரையில் வரிகள் ஓட, அவர் மைக்கைப் பிடித்துப் பாடினார். நல்ல துள்ளல் பாட்டு. அலுவலக அறையில் வாய் திறக்காத மனிதர் குதித்துக் குதித்துப் பாடினார். ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்திவிட்டு, தன் துண்டைத் தலைக்கு மேல் சுற்றி, மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் பாடும்போது மூச்சுவிடக்கூட யோசித்தோம்.

என் லைனில் வேலை செய்யும் பழவேற்காட்டுப் பெண் ஒருத்திதான் கவரைக் கிழித்துத் துண்டை எடுத்து இரண்டு சுற்று சுற்றினாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னாடி பண்றே? அவரு பாடிக்கினு இருக்காரு, ஒரு மரியாத வேணாம்?”

“அவரே சுத்தறாரு, நான் சுத்தினா இன்னாக்கா?”

நியாயமான கேள்வி. ஆனாலும் முறைத்தேன். அடங்கிவிட்டாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் அளவாகக் கை தட்டினோம். அவர் குனிந்து வணங்கிவிட்டு இறங்கினார். அடுத்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாடு அவருடைய அறைக்கே போனது. சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, அவர் அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார் என்று மொழிபெயர்ப்பாளர் வந்து சொன்னாள். திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறி வரும் தமிழ்ப் பெண். கம்பெனிக்குப் புதிது. பேச்சுவாக்கில் அந்த ஆண்டு விழாக் கதையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதே மாதிரியான ஒரு பாட்டு. ஒருவர் பாட, சுற்றி இருந்தவர்கள் வரிக்கு வரி கத்திக்கொண்டு, தலைக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இது ஒருத்தர் பாடற பாட்டு இல்லக்கா. பாதி அவரு, பாதி நாம. நாம சும்மா இருந்தா, பாட்டும் புடிக்கல, ஆளும் புடிக்கலன்னு நெனச்சிருப்பாரு.”

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, ஆசையாகத் துண்டெல்லாம் வாங்கி வந்த மனிதரை அம்போவென்று மேடையில் நிற்க வைத்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது. அந்த எண்ணத்தோடே அவர் விமானம் ஏறிவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஆண்டு விழா வீடியோவிலிருந்து அவர் பாடிய பாட்டையே கண்டுபிடித்து, மூன்று வாரம், டீ நேரத்தில் பயிற்சி. எங்கே “ஹை, ஹை” சொல்ல வேண்டும், எங்கே சுற்ற வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொடுத்தாள். பழவேற்காட்டுப் பெண்ணுக்கு இரண்டே நாளில் எல்லாம் வந்துவிட்டது. அவள்தான் மற்றவர்களுக்குத் தாளம் எண்ணினாள். அந்தத் துண்டைத் தேடினால், பாதிப் பேர் வீட்டில் அது சாப்பாட்டு டப்பா சுற்றும் துணியாகியிருந்தது. இல்லாதவர்கள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள்.

பிரிவு உபசார விழா மதியம் மூன்று மணிக்கு, முதல் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில். பேச்சுகள் முடிந்தன. இசையைப் போட்டார்கள். திரையில் பாட்டின் பெயரைப் பார்த்ததும் அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கத்தலை மட்டும்தான் கற்றிருந்தோம். பாட ஆளே இல்லை. முதல் வரி வெறும் இசையாக ஓடி முடிந்தது. “ஹை, ஹை” என்று நூறு பேர் கத்தித் துண்டைச் சுற்றினோம். அடுத்த வரியும் காலி. மறுபடி கத்தினோம். மாப்பிள்ளை இல்லாமல் கெட்டிமேளம் கொட்டியது மாதிரி இருந்தது. மானம் போகிறது என்று நினைத்துக்கொண்டே, நிறுத்தாமல் கத்தினேன்.

இரண்டாவது சரணத்தில் அவர் எழுந்து வந்து மைக்கை எடுத்தார். கடைசி வரை பாடினார். குதிக்கவும் செய்தார்.

முடிந்ததும் மூச்சு வாங்க ஏதோ பேசினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னாள்: “போன தடவ ஒரு பொண்ணு மட்டும் ரெண்டு சுத்து சுத்திச்சாம். அப்புறம் நிறுத்திடுச்சாம். அந்த எடத்துல அப்படி இன்னா தப்பு பண்ணிட்டோம்னு இவ்ளோ நாளா யோசிச்சிக்கினே இருந்தாராம்.”

பழவேற்காட்டுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரியும். நான் எழுந்தேன். “அவர் மேல தப்பு இல்லன்னு சொல்லும்மா. அவ கைய புடிச்சி இழுத்தது நான்தான்,” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, இரண்டு வருஷத்தில் நான் கேட்டேயிராத ஒரு சிரிப்பு சிரித்தார்.

“இன்னொரு வாட்டி போடச் சொல்றாருக்கா. இந்த வாட்டி நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நிக்கணுமாம்.”

போய் நின்றோம். பாட்டு தொடங்கியது. பக்கத்தில் நின்றவளிடம், “சாரிடி,” என்றேன். ஸ்பீக்கர் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை.

“இன்னாக்கா?”

“ஒண்ணுமில்ல. நீ சுத்து.”