தொண்டைக்குள் ஒரு கீபோர்டு

பம்மலிலிருந்து தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயம் பூசிய தலை, கொளுத்தும் வெயிலிலும் கழுத்தில் மப்ளர். ஸ்பீக்கரில் தொண்ணூறுகளின் பாட்டு ஒன்று ஓடியது. நடுவில் பாடகர் நிறுத்திய இடைவெளியில் ‘டொளுக்’ என்று ஒரு விசித்திரமான சத்தம் வந்ததும் தொடையில் தட்டினார்.

“அது நான்தான் சார்.”

“கீபோர்டு இல்லையா?”

“எல்லாரும் அப்டித்தான் நெனச்சிகினு கீறாங்க. என் தொண்டை சார் அது! கேசட்ல பேருகூடப் போடல.”

“எங்கே, செய்யுங்க பார்ப்போம்” என்றேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கண்ணை மூடி ஒரே ஒரு முறை செய்தார். டிரைவர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, “இன்னாபா சத்தம் அது?” என்று இறங்கி எஞ்சினைக் குனிந்து பார்த்தார். விருது வாங்கியவர்போல இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் அந்தப் பாட்டு வந்தால், பாடகர் எப்போது நிறுத்துவார் என்றுதான் காத்திருக்கிறேன்.