வேண்டுதல் பலித்த வீடு

என் வீட்டுக்காரருக்கு எதில் சந்தோஷம் என்று யாராவது கேட்டிருந்தால், கல்யாணமான முதல் மாசத்திலேயே பதில் சொல்லியிருப்பேன். சண்டையில். சீட்டாட்டம் கிடையாது, சினிமா கிடையாது, குடி இல்லவே இல்லை. காலையில் யாரிடமாவது ஒரு வாய்ச்சண்டை போட்டால்தான் மனுஷனுக்குப் பொழுது விடிந்த மாதிரி.

கடலூரில் பைப்பு, டேப்பு விற்கிற கடை வைத்திருந்தார். வீடு சிதம்பரத்தில். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன், அதனால் தினமும் அவர்தான் பஸ்ஸில் போய் வருவார். ஏறும்போதே ஆரம்பித்துவிடும். துண்டு போட்டு இடம் பிடித்தவனோடு சண்டை. சில்லறை இல்லை என்கிற கண்டக்டரோடு சண்டை. ஆலப்பாக்கத்தில் நிறுத்த மாட்டேன் என்று டிரைவர் சொன்னால், அங்கே இறங்க வேண்டிய முன்பின் தெரியாத அம்மாவுக்காக இவர் எழுந்து நின்று சண்டை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது முகம் பளபளவென்று இருக்கும். "டீச்சரம்மா, இன்னைக்கு அந்தக் கண்டக்டர ஒரு வழி பண்ணிட்டேன்" என்று செருப்பைக் கழற்றாமலே ஆரம்பிப்பார். தான் சொன்னது, அவன் சொன்னது, பின்சீட்டுக்காரர் குறுக்கே விழுந்து சொன்னது என்று எல்லாக் குரலிலும் பேசிக் காட்டுவார். மனசில் துளி கோபம் இருக்காது. அந்தக் கண்டக்டரோடவே டீ குடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்.

எனக்கோ நாள் பூரா பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் காபி, அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்ட சொர்க்கம். எங்களுக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்தவன் மட்டும் கையில் கிடைத்தால்! "வுடுங்க, எதுக்கு வம்பு, போனாப் போவுது." இதை நான் சொன்ன அளவுக்கு இந்த ஜில்லாவில் வேறெந்தப் பெண்டாட்டியும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஒரு தடவை மகள் பேச்சைக் கேட்டு, பியூட்டி பார்லரில் ஒரு சாண் முடியை வெட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் பார்லருக்கே போய், "யாரக் கேட்டு வெட்டின? அது வளர எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா?" என்று அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தார். மானம் போயிற்று. நான் ரொம்ப நாளைக்கு அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

மகள் கல்யாணம் திருவந்திபுரத்தில் நடந்தது. முகூர்த்த நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாப்பிள்ளை நிற்பார். எங்கள் பக்கத்து ஜோடிக்குத் தாலி கட்டும்போது அவர்களுடைய கெட்டிமேளம் முழங்க, எங்கள் ஐயர் சொன்ன மந்திரம் யார் காதிலும் விழவில்லை. வந்ததே கோபம் இவருக்கு. "யோவ், எங்க பொண்ணுக்குத் தாலி ஏறங்காட்டியும் உங்களுக்கு என்னய்யா மேளம்?" என்று மேளக்காரர் முன்னால் போய் நின்றுகொண்டார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நான் சன்னிதிப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினேன். "பெருமாளே, இந்த மனுஷன் வாயை அடக்கு. உனக்கு மொட்டை போடறேன்." கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற நாத்தனார் காதில் விழுந்துவிட்டது. அவள் எதையும் மறக்கிற ஆளில்லை. அவர் என்னவென்றால், பத்து நிமிஷத்தில் அந்த இன்னொரு மாப்பிள்ளையின் அப்பாவோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் கடையில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்த அடைப்பு. கை கால் திரும்பி வந்தது, பேச்சு வந்தது. கொஞ்சம் தள்ளாடினாலும் நடக்கிறார், சாப்பிடுகிறார், ஆளெல்லாம் ஞாபகம் இருக்கிறது. சண்டை மட்டும் வரவில்லை. எதைச் சொன்னாலும் "சரி". கடையை வித்துடலாமா என்று கேட்டேன். "சரி."

ஊரே சந்தோஷப்பட்டது. "அண்ணன் தங்கமா மாறிட்டாரு அண்ணி" என்று நாத்தனார் பண்ருட்டியிலிருந்து போன் போட்டுப் பூரித்தாள். அப்பா இப்போதெல்லாம் மாப்பிள்ளையை ஒன்றும் சொல்வதில்லை என்று மகளுக்கு நிம்மதி. டாக்டரிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் மாத்திரை கெடையாதும்மா. அமைதியா இருக்காருன்னா நல்லதுதானே, பிபி ஏறாது" என்றார். பொய் சொல்ல மாட்டேன், முதல் கொஞ்ச நாள் எனக்கும் சந்தோஷம்தான். காபி, ஃபேன் சத்தம், வேறு ஒரு சத்தமில்லை. நான் கேட்ட சொர்க்கம்.

ஒரு சாயங்காலம் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க யோசிக்கிறீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல." அவர் சொன்னது நிஜம். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து அவரைச் சண்டைக்கு இழுப்பதே என் வேலையாகிவிட்டது. சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டேன். தட்டு காலியானது. பேப்பரை நிறுத்தினேன், பேப்பர் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கடலூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அதே பழைய கண்டக்டர். இவரைப் பார்த்ததும் அந்த ஆளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "சார், சில்லறை இல்ல. எறங்கும்போதும் தர மாட்டேன்" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் முகம் செத்துப்போயிற்று. புதுச்சத்திரம் தாண்டியதும் வந்து, மீதிச் சில்லறையை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் மறுபடி போன் செய்தாள். "அண்ணி, பெருமாள் குடுத்துட்டாரு. வேண்டுதல பாக்கி வெக்கக் கூடாது."

"எதடி குடுத்தாரு?" என்று கத்திவிட்டேன். "என் புருஷன வாரிக்கிட்டு, பதிலுக்கு ஒரு பொம்மைய வுட்டுட்டுப் போயிருக்காரு. அதுக்கு நான் முடி வேற குடுக்கணுமா?"

அவள் அழுதாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்தப் பார்லர் ஞாபகம் வந்தது. ஒரு சாண் முடிக்கே ஊரைக் கூட்டின மனுஷன். மொத்தமாக மழித்துக்கொண்டு போய் எதிரே நின்றால்? திரும்ப போன் போட்டு, வருகிறேன் என்றேன். "பூமுடின்னு நுனியில கொஞ்சம் குடுத்தாலே போதும் அண்ணி, பொம்பளைங்களுக்கு அதுவே கணக்கு" என்றாள். முடியாது, முழு மொட்டைதான் என்று சொல்லிவிட்டேன். எனக்கு பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

நாங்கள் திருவந்திபுரம் போன அன்றைக்கும் முகூர்த்த நாள். மண்டபத்து நிழலில் அவரை உட்கார வைத்துவிட்டு, நானும் நாத்தனாரும் முடி இறக்கும் இடத்துக்குப் போனோம். தண்ணீரைத் தெளித்துக் கத்தி வைத்தவர், "நல்ல முடிம்மா" என்று பெருமூச்சு விட்டார். எனக்குப் பாதி நரைத்திருந்தது. மடியில் விழ விழ, என் வீட்டுக்காரர் என்னென்ன சொல்லிக் கத்துவார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'அறிவிருக்காடி உனக்கு' என்பார். 'டீச்சராம் டீச்சரு' என்பார். எல்லார் எதிரிலும் கத்தட்டும். கத்தினால் அவர் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு திரும்பி வந்தால் அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கல்யாணக் கோஷ்டி ஒன்று எழுந்திருக்கச் சொல்லி இடத்தைப் பிடித்துக்கொண்டதாம். சரி என்று எழுந்துவிட்டாராம். ரெண்டு பக்கமும் கெட்டிமேளம் ஒன்றோடொன்று மோதி முழங்கியது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"வந்துட்டியா? போலாமா?"

"என் தலையப் பாருங்க."

பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, பண்ருட்டி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தார். மொட்டைத் தலை ஒன்று, தள்ளாடுகிற ஆள் ஒன்று. கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாய்க்கு வந்ததைக் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "யோவ், எங்கள என்ன வெளியூர்னு நெனச்சியா? கடலூர்ல கடை வச்சிருந்தவங்கய்யா நாங்க! கெடில ஆத்து மணலக் கேட்டாலும் எங்க பேரச் சொல்லும்!" எல்லாம் என் வீட்டுக்காரர் வசனம். பாடமாகவே இருந்திருக்கிறது எனக்கு. இன்னும் ரெண்டு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், பூக்காரி வந்தாள், கூட்டம் கூடிவிட்டது. நான் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்துக் கத்தினேனே தவிர, கண் பூரா ஓரத்தில் நின்ற இவர் மேலேதான். வாங்க, வந்து ரெண்டு வார்த்தை சேர்ந்து பேசுங்க, தொண்டை வலிக்குது எனக்கு.

வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"வுடும்மா. எதுக்கு வம்பு. போனாப் போவுது."

"ஐயா எவ்ளோ நல்ல மனுஷன் பாரு" என்றாள் பூக்காரி.

அதே ஆட்டோவில் அவர் முதலில் ஏறி, உள்ளே தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தேன்.