தைலக்காட்டு ஓரத்தில் புங்கை

புதுவயலுக்குத் தெற்கே தைலமரக் காட்டில் நான் வனக்காப்பாளராகச் சேர்ந்த நாலாம் மாதம், முதல் தீ வந்தது. தைல இலையில் எண்ணெய் உண்டு. வைகாசி வெயிலில் அந்தச் சருகு சீமெண்ணெய் ஊற்றியது போலப் பிடித்துக்கொள்ளும். வேப்பங்குழையை ஒடித்து அடித்தே அணைத்தோம்.

மறுநாள் விடிகாலையில் அந்தச் சாம்பலுக்குள் தனியாக நடந்தேன். சத்தமே இல்லை. பூட்ஸ் வைத்த இடமெல்லாம் மெத்தென்று அமுங்கியது. தூக்கத்தில் நடக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது. கண்மாய்க் கரையில் திடீரென்று ஒரு பச்சை. நாலு புங்கமரம். தீ வந்த பக்கத்து இலை மட்டும் வாடியிருந்தது. மறுபக்கம் துளிர் ஆடிக்கொண்டிருந்தது.

ரேஞ்சரிடம் போய், காட்டோரம் புங்கை நட்டால் தீயைத் தடுக்கலாம் என்று சொன்னேன்.

"ஏம்மா, எரியுறதே மரம். அத மரத்த வச்சே தடுக்கப்போறீகளா?"

"எல்லா மரமும் ஒண்ணுபோல எரியலைங்கய்யா. ஒரு நட வந்து பாருங்க."

வந்து பார்த்தார். காட்டுக்கும் கிழக்கே இருந்த குடியிருப்புக்கும் நடுவில் புங்கையும் நாவலுமாக மூன்று வரிசை நட உத்தரவு கொடுத்தார்.

அந்தக் குடியிருப்பில் முதல் வீடு பாத்திமாக்காவுடையது. ஓலைக்கூரை. பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருந்தார். நட்ட மாதமே ஆடுகள் நாவல் கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. சத்தம் போட்டேன். அவர் அசரவில்லை.

"புங்கையத் தொடலை, பாத்தீகளா கார்டம்மா? அது கசக்கும். நடுறதுக்கு முன்னாடி ஆட்டுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஆடு தின்ற நாவலுக்குப் பதில், கோபத்தோடுதான், புங்கையே நட்டேன். ஆனால் ஆட்டை மட்டும் உள்ளே விடவில்லை. மரம் ஆள் உயரம் தாண்டிய பிறகும், கண்ணில் பட்டால் விரட்டினேன். ரூல்ஸ் அப்படி.

சில வருஷம் கழித்து மறுபடி தீ வந்தது ஒரு மத்தியானம், மேற்கேயிருந்து வீசிய காற்றோடு. ஜீப்பில் விரைந்தேன். வரிசைக்கு அடியில் புல் முழங்கால் உயரம் நிற்கும், அதைப் பிடித்தே தீ பாத்திமாக்கா வீட்டுக்குப் போய்விடும் என்று நினைத்தேன்.

போய்ப் பார்த்தால் தரை வழித்துவிட்டது போலக் கிடந்தது. சருகுகூட இல்லை. பனை உயரம் ஆடி வந்த தீ முதல் வரிசையில் முட்டியதும் குனிந்தது. புங்கை இலைகள் சுருண்டு, உஸ்ஸென்று ஆவி விட்டன. தீ கீழே இறங்கித் தின்ன எதையோ தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. புகைக்குள் எல்லாம் மெதுவாக நடப்பது போலிருந்தது. பொறி ஒன்று பறந்து வந்து பாத்திமாக்கா கூரையில் உட்கார்ந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் ஊற்றி அணைத்தார்கள். அதற்கு நேரம் இருந்தது.

அடங்கிய பிறகு பாத்திமாக்காவிடம் கேட்டேன், "யாருக்கா இங்குட்டுப் புல்லறுத்தது?"

"யாரு அறுக்க? நீங்க கண்டனூர்ப் பக்கம் பீட் சுத்தப் போன நாளெல்லாம் ஆட்ட உள்ள விட்டேன். சருக அடுப்புக்குக் கூட்டி அள்ளிக்கிட்டேன். இப்ப வேணா கேஸ் போடுங்க."

நான் போடவில்லை. அந்த வார அறிக்கையில் எழுதினேன்: புங்கை ஆள் உயரம் தாண்டியதும் ஆடு மேய அனுமதிக்கலாம், சருகு அள்ளவும் அனுமதிக்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன்.