கூடைக்குள் கடுவன்

திருச்சுழி போகும் தனியார் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். மடியில் துண்டால் மூடிக் கட்டிய வயர் கூடை, உள்ளே ஒரு கடுவன் பூனை.

பஸ் டிவியில் தீபாவளிக்கு வந்த காதல் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் காதலியை விட்டுப் போனவன், லீவுக்குப் போன மலையூரில் அவளை மறுபடி பார்க்கிறான். இருவரின் பூனைகளும் ஒட்டிக்கொள்ள, அவள் மன்னித்துவிடுகிறாள். அவன் வாய் திறந்தபோதெல்லாம் இந்த அம்மா கூடையைத் தட்டினார்.

“மன்னிச்சிட்டாளாம், கூறுகெட்டவ!”

“பூனைக்குப் பேரு என்னம்மா?”

“என்னைய விட்டுட்டு டவுனுக்காரியக் கட்டுனாகல்ல, அவுக பேருதான். பொங்கலுக்குப் பொண்டாட்டி பிள்ளையோட எதுத்த வீட்டுக்கு வருவாக. நான் வாசல்ல நின்னு பேரச் சொல்லி, ‘ஏலே திருட்டுப் பயலே, எங்கலே போன?’ன்னு தெருவே கேக்கக் கூப்பிடுவேன்.”

“இப்ப எங்க கொண்டு போறீக?”

“மாட்டாஸ்பத்திரிக்கு. காயடிக்கணும். இந்தப் பொங்கலுக்கு அந்தச் சேதியவும் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்.”

கூடையில் வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் பொங்கல் நெருங்கினால், ‘ஊர்ப்பக்கம் போயிராதீக’ என்று அவருக்கு யார் மூலமாவது சொல்லி அனுப்பத் தோன்றுகிறது.