விறகுக்குத் தனியாக மலை ஏறினேன்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, கட்டையை ஊன்றிக்கொண்டு உங்கள் முன் நிற்கிற நான் சவரியம்மாள். ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. என் வலது கால் முழங்காலோடு முடிகிறது. அது எப்படிப் போனது, உயிர் எப்படி மிஞ்சியது என்று சொல்லத்தான் எழுந்தேன்.

1957, தவக்காலம். என் வீட்டுக்காரர் மலேயாவுக்குப் போய் மூன்று வருஷமாகக் கடிதம் இல்லை. விறகு விற்றால்தான் சோறு. எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்துதான் மலைக்குப் போவோம். பாம்பு உண்டு, வழுக்குப் பாறை உண்டு. ஒருத்தி குரல் கொடுத்தால் மற்றவள் பதில் கொடுக்க வேண்டும்.

அந்தக் கூட்டம்தான் என்னைக் கிழித்தது. "ஏன்டி சவரி, ஒம் புருசன் அங்கிட்டு ரெண்டாவது புள்ளைக்கும் பேரு வச்சுட்டாராம்ல?" என்பாள் புஷ்பம். மற்றவர்கள் சிரிப்பார்கள். தினமும் சிரிப்பார்கள். ஒரு நாள் அரிவாள் பிடியால் அவள் நெற்றியில் அடித்துவிட்டேன். ரத்தம் கொட்டியது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

"இனிமே எங்ககூட வராத" என்றார்கள்.

"ஒங்க தொணை யாருக்கு வேணும்?"

மறுநாள் விடியும்போதே தனியாக ஏறினேன். பேச்சில்லை, சிரிப்பில்லை. அத்தனை விறகு நான் என்றைக்குமே வெட்டியதில்லை. விறகுக்கட்டைத் தலைக்குத் தூக்கும்போது காலடிக் கல் புரண்டது. பாறை இடுக்கில் விழுந்தேன். கல் காலின்மேல் உட்கார்ந்துவிட்டது.

வெயில் ஏறியதும் அவர்கள் பேச்சுச் சத்தம் கேட்டது. கத்தினேன். பேச்சு நின்றது.

"சவரி கொரலு மாதிரி இருக்குடி."

"கெடக்கட்டும். புருசனக் கூப்புடச் சொல்லு."

அது புஷ்பம். சிரிப்புச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.

பகல் முழுக்க ஜெபித்தேன். அவர்கள் நான்கு பேர் வீட்டிலும் பிணம் விழ வேண்டும் என்றுதான் ஜெபித்தேன். பாறை சுட்டது. எறும்புகள் காலைக் கடித்தன. பிறகு கடிப்பதும் தெரியவில்லை. இருட்டியபோது சபிக்க நாக்கு புரளவில்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். யாராயிருந்தாலும் சரி" என்று மட்டும் முனகிக்கொண்டே கிடந்தேன்.

காலையில் ஒருத்தி வந்தாள். நெற்றியில் கட்டு. கிடக்கட்டும் என்றவளையே அவர் அனுப்பியிருந்தார்.

தண்ணீர் கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. "சோறு எறங்கலடி. அவளுகளையும் கூப்புட்டேன். ஒருத்தியும் வரல."

நகம் பெயரத் தள்ளினாள். ஒருத்தியால் அந்தக் கல் அசையுமா? கீழே ஓடி, கல் உடைக்கிற நாலு பேரைக் கடப்பாரையோடு கூட்டிவந்தாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். உயிர் நின்றது.

மற்ற மூவரும் என்னை நொண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடிதமும் வரவில்லை. நான் இட்லி அவித்து விற்கிறேன். அடுப்புக்கு விறகு கொண்டுவருகிறவள் புஷ்பம். இருவரும் இன்னும் சண்டை போடுகிறோம். ஆனால் கோயிலில் ஒரே பாயில் முழந்தாளிடுகிறோம்.

தனியாக மலை ஏறாதீர்கள். கூட்டம் கொடியதானாலும் அதோடு போங்கள். அதில் ஒருத்திக்காவது சோறு இறங்காது. விழுந்துவிட்டால் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். வாயில் முதலில் சாபம்தான் வரும். அதையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நிறுத்தாமல் கூப்பிடுங்கள்.