பிஸ்கட் டின்னா, ஹார்ட் டிஸ்க்கா

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்பதை என் கணவர் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். பாசாரில் மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் மறுபடி நிறுப்பேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறிப்போய் இன்னொரு தடவை இழுப்பேன். அதனால் எண்பதுகளின் கடைசியில், பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் நடத்திய சின்ன அச்சகத்துக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

அப்போது எங்களிடம் இருந்த கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. எல்லாம் ஃபிளாப்பி டிஸ்க்தான். கறுப்பாக, சதுரமாக, ஊறிய அப்பளம் மாதிரி வளையும். ஒன்றைச் செருகி மிஷினை எழுப்ப வேண்டும். பிறகு அதை உருவிவிட்டு, எழுத்து இருக்கும் டிஸ்க்கைச் செருக வேண்டும்.

எழுத்து என்றால் நான் வரைந்த தமிழ் எழுத்து. கடையில் கிடைத்தவற்றைக் கல்யாணப் பத்திரிகையில் போட்டால் கருமாதி நோட்டீஸ் மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் நானே திரையில் புள்ளி புள்ளியாக வைத்து 'அ'விலிருந்து வரைய ஆரம்பித்தேன். அச்சக வேலைக்கும் அடுப்படிக்கும் நடுவே, முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. 'ழ'வின் வால் முனையில் கை நழுவி ஒரு சின்னச் சுழிப்பு விழுந்தது. அழித்துப் பார்த்தேன், மொட்டையாக இருந்தது. திரும்பப் போட்டுவிட்டேன். அந்த எழுத்துக்காகவே கிள்ளானிலிருந்துகூட எங்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். மிஷின் எல்லா அச்சகத்திலும் இருந்தது. எழுத்து எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த டிஸ்க்கும் அதன் நகலும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. டின் இரும்பு அலமாரிக்குள், அலமாரிச் சாவி என் இடுப்பில்.

பங்சாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர், ஹார்ட் டிஸ்க் உள்ள மிஷின் ஒன்றை எங்களுக்குக் காட்டுவதற்காகவே தூக்கிக்கொண்டு வந்தார். அதிகமாகச் சிரிக்கிறவர். எனக்கு அதுவே போதாதா?

"எல்லாம் உள்ளயே இருக்கும், அக்கா. மாத்தி மாத்திச் செருக வேணாம். நம்ம ஊரு ஈரத்துக்கு ஃபிளாப்பியெல்லாம் பூஞ்சை பிடிச்சிரும் லா."

"உள்ள இருக்கறது கெட்டுப்போனா?"

"மிஷினைக் கடைக்கு அனுப்பிருங்க. நாங்க பார்த்துக்கறோம்."

அந்த 'நாங்க பார்த்துக்கறோம்' எனக்கு உதைத்தது. மிஷின் போனால் எழுத்தும் கூடவே போகும். டிஸ்க் என்றால் கையில் பிடிக்கலாம், பூட்டலாம்.

நான் டீ கலக்கப் போன இடைவெளியில் என் கணவர், அன்றைய வேலைக்காக நான் வெளியே எடுத்து வைத்திருந்த டின்னிலிருந்து டிஸ்க்கை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். கடைக்காரர் அதை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வேகத்தைக் காட்டுகிறாராம். திரும்பி வந்தபோது என் எழுத்துகள் அந்த அந்நிய மிஷினின் திரையில் வரிசையாக நின்றன. "முதல்ல அழிங்க" என்றேன். எதையோ தட்டினார், திரை காலியானது. "இப்ப திருப்தியா, அக்கா?" என்று சிரித்துக்கொண்டே மிஷினை வேனில் ஏற்றிப் போய்விட்டார்.

"கண்ணு முன்னாடியே அழிச்சாரு. இன்னும் என்ன சந்தேகம் ஒனக்கு?" என்றார் என் கணவர்.

"திரையிலேருந்து போச்சு. மிஷினை விட்டுப் போச்சான்னு யாருக்குத் தெரியும்?"

ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்று முடிவாயிற்று. என்னோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை.

அடுத்து வந்த சரஸ்வதி பூஜைக்குத் தொழில் கருவிகளையெல்லாம் படத்தின் முன் வைத்தோம். வெட்டுக்கத்தி, அடிக்கோல், கீபோர்ட், பிஸ்கட் டின். நான் அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். ஃபிளாப்பிகளை மட்டும் காகித உறையிலிருந்து பக்தியோடு வெளியே எடுத்திருக்கிறார். உறைக்கு வைத்தால் அது சட்டைக்குப் பொட்டு வைத்த மாதிரி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டிஸ்க்கின் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும், உள்ளே பழுப்பு நாடா தெரியும். சரியாக அந்த இடத்தில், நெற்றியில் வைப்பதுபோல, சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம். நகலுக்கும் தவறாமல். வைத்துவிட்டு உறையில் போட்டு மூடிவிட்டார்.

மறுநாள் விஜயதசமி, நல்ல வேலையாக ஒரு கல்யாணப் பத்திரிகையில் தொடங்கலாம் என்று டிஸ்க்கைச் செருகினேன். தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நகலை உருவிப் பார்த்தேன், அதன் நெற்றியிலும் பொட்டு. பஞ்சால் துடைத்தேன். சந்தனத்தோடு பழுப்பும் உரிந்து வந்தது.

திருடனைச் சந்தேகித்தேன், விற்க வந்தவனைச் சந்தேகித்தேன். சந்தனத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையே! அன்று வாய்விட்டு அழுதேன். என் கணவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார், திட்டக்கூட மனம் வரவில்லை. மறுபடி வரைய உட்கார்ந்தேன். 'ஊ' வரை வந்தேன், அதற்குமேல் கை ஓடவில்லை. கடைசியில் கருமாதி எழுத்திலேயே பத்திரிகை அடித்தோம். வழக்கமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக வேறிடம் போனார்கள்.

தை மாதம் என் கணவரின் அத்தை மகள், கிள்ளானில் இருப்பவர், தாம்பூலத் தட்டோடு மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். பத்திரிகையை வாங்கினேன். 'அழைப்பிதழ்' என்று தலைப்பு. அதில் இரண்டு 'ழ', இரண்டின் வாலிலும் என் கை நழுவிய சுழிப்பு.

பெண் யார் மாப்பிள்ளை யார் என்றுகூடப் படிக்காமல், பின்பக்கம் போட்டிருந்த அச்சகத்துக்கு வாடிக்கையாளர் மாதிரி போன் செய்தேன்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கே, எங்க கெடைச்சது அண்ணே?"

"பங்சார்ல ஹார்ட் டிஸ்க் வாங்கினோம்மா. எழுத்தைச் சும்மாவே போட்டுக் குடுத்தாங்க."

மறுநாள் காலையிலேயே பங்சாருக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது அவரைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கேட்டு முடித்துவிட்டேன். கடைக்குள் நுழைந்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். வந்ததும் சண்டைக்குத்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த திரையில் என் எழுத்துகள் 'அ'விலிருந்து ஒன்றும் குறையாமல் நின்றன. எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. பையிலிருந்து ஒரு புது ஃபிளாப்பியை எடுத்து நீட்டினேன்.

"இதுல ஒரு காப்பி போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். அவர் மிஷினிலேயே அதைத் திறக்கச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். 'ழ'வை இரண்டு தடவை. ஹார்ட் டிஸ்க் அந்த மாதமே வாங்கினோம், வேறு கடையில்.

அன்று நான் டிஸ்க்கைப் பையில் வைத்து வாசல்வரை வந்துவிட்ட பிறகு, அவர் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, அதை வேற யாருக்கும் காப்பி குடுத்துறாதீங்க, என்ன?"